வெள்ளி என்று நினைத்து விட்ட லாரிகள்

#1 திண்ணைக்காரன்

"செக்போஸ்ட்ல அம்பது நூறு வாங்குறதெல்லாம் ஊழலா பாஸ், டீக்காசு" என்று பக்கத்து இழையில் ஒருவர் எழுத, வரிசையாகக் கைதட்டல். பதில் சொல்லப் போய் நீண்டுவிட்டது. அந்த இழையைத் திசைதிருப்ப வேண்டாமென்று தனியாகப் போடுகிறேன்.

1993 மார்ச் 12, வெள்ளிக்கிழமை. மதியம் ஒன்றரை மணி வாக்கில் மும்பைப் பங்குச் சந்தைக் கட்டடத்தில் முதல் குண்டு. அதன் பிறகு ஏர் இந்தியா கட்டடம், ஜவேரி பஜார், செஞ்சுரி பஜார், பிளாசா தியேட்டர், சீ ராக் ஹோட்டல் என்று நகரம் முழுக்க வெடித்தது. 257 பேர் செத்தார்கள். 713 பேருக்குக் காயம். தாவூத், டைகர் மேமன் பெயர்களெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். யார் செய்தார்கள் என்பதைப் பற்றி ஆயிரம் பக்கம் பேசிவிட்டோம். அந்தக் குண்டுகளில் இருந்த ஆர்டிஎக்ஸ் வெடிமருந்து எந்த வழியாக ஊருக்குள் வந்தது என்று கேட்டால்தான் பாதிப்பேர் முழிப்பார்கள்.

ரோட்டு வழியாகத்தான் வந்தது. மும்பைக்குத் தெற்கே ராய்காட் மாவட்டக் கரை. திகி, ஷேகாடி என்று சின்னச் சின்ன மீனவ ஊர்கள். கடத்தல் வெள்ளியும் தங்கமும் பல வருடங்களாக இறங்கிக்கொண்டிருந்த கரை அது. 1993 ஜனவரி 9 ராத்திரி திகியில் ஒரு சரக்கு இறங்குகிறது. லாரிகள் கிளம்பி வரும் வழியில் கோந்த்கர் ஃபாட்டா என்ற பிரிவில் ஸ்ரீவர்தன் போலீஸ் மடக்குகிறது. கவனியுங்கள், மடக்கியே விட்டார்கள். எஸ்.ஐ.யும் காவலர்களும் வண்டியை நிறுத்திவிட்டார்கள். பிறகு பேரம். லட்சக்கணக்கில் தொகை பேசி முடிக்கிறார்கள். கடத்தல்காரர்களிடம் அந்த நேரத்தில் அவ்வளவு ரொக்கம் இல்லை. அதனால் பணம் வந்து சேரும்வரை அடமானமாகச் சில வெள்ளிக் கட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டு லாரிகளை அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளி என்று நினைத்து விட்ட அந்தச் சரக்கில் ஆயுதங்கள் இருந்தன. கரையும் ரோடும் காவலும் நமக்குத்தான் என்று உறுதியான பிறகு பிப்ரவரி 3, பிப்ரவரி 7 தேதிகளில் ஷேகாடியில் அடுத்தடுத்து இறக்கினார்கள். ஆர்டிஎக்ஸ் வந்தது அதில்தான். மார்ச் 12க்கு ஐந்து வாரம்தான் பாக்கி.

ரோட்டில் வண்டியை மறித்து லஞ்சம் வாங்குகிறவன் சரக்குக்கு விலை பேசுவதாக நினைத்துக்கொள்கிறான். உண்மையில் அவன் விற்பது தன் கண்ணை. ஒரு தடவை விற்றபின், அடுத்த வண்டியில் என்ன வருகிறது என்று பார்க்க அவனிடம் கண் இல்லை.

எதிர்க்கருத்து இருந்தால் வாருங்கள்.

#2 ராக்கெட்_ராஜா

கண்ணை வித்தான், காதை வித்தான்னு வசனம் நல்லாருக்கு. ஆனா லட்சம் தடவை காசு வாங்குறான், ஒரு தடவை குண்டு வெடிக்குது. ஹைவேல மணல் லாரிக்காரன்கிட்ட நூறு வாங்குறதையும் 257 பேர் சாவையும் ஒரே தராசுல வைக்கிறது ஓவர்.

#3 முத்துவேல்

திண்ணைக்காரன் அண்ணே, எழுதினது எல்லாம் சரிதான். ஆனா ஒண்ணு. எப்ப பாத்தாலும் ரோட்டுல நிக்கிறவன்தான் மாட்டுறான். பன்னெண்டு மணி நேரம், பதினாறு மணி நேரம் டூட்டி. லீவு கேட்டா மெமோ. பந்தோபஸ்துன்னு கூட்டிட்டுப் போயி ஒரு பொட்டலம் சோறு, அதும் புளிச்சுப்போயி வரும். எங்க சித்தப்பா போலீஸ்லதான் ரிட்டயர்டு ஆனார். அவர் பட்டதப் பாத்தவன் நான். அந்தச் சம்பளத்துல வச்சுக்கிட்டு "நீ தேசத்தோட கண்ணு"ன்னு சொன்னா சிரிப்பான்.

#4 கோர்ட்டுக்குப்_போறவள்

முத்துவேல் சொல்வதில் பாதி நியாயம். மீதிப் பாதிக்கு இதே வழக்கிலேயே பதில் இருக்கிறது. இதில் தண்டனை பெற்றவர்கள் ரோட்டில் நின்ற காவலர்கள் மட்டும் இல்லை. சோம்நாத் தாபா என்று ஒருவர். சுங்கத் துறையில் கூடுதல் கலெக்டர், கடத்தல் தடுப்புப் பிரிவு. புளிச்ச சோற்றுப் பொட்டலத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றத்தில் நீதிபதி கோடே அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார். அவருக்குக் கீழே இருந்த சுங்க அதிகாரிகள் சிலரும் தண்டனை பெற்றார்கள். மடக்கி விட்ட எஸ்.ஐ.க்கு ஆயுள், உடன் இருந்த காவலர்களுக்கு அதைவிடக் குறைவு.

தாபா விவகாரத்தில் ஒரு விஷயம் இன்னும் மோசம். ஜனவரி 25 அன்றே சுங்கத் துறைக்குள் எச்சரிக்கைக் கடிதம் போய்விட்டது. தங்கம் வெள்ளியோடு ஆயுதமும் இறங்கலாம், அடுத்த சில வாரங்களுக்குள், ஸ்ரீவர்தன் பக்கக் கரை உட்பட என்று. அதன் பிறகு அவர் ஒரு ராத்திரி படையோடு போய் மறிப்பும் போட்டார். ஆனால் சரக்கு வரவேண்டிய முக்கியமான வழியை விட்டுவிட்டு வேறு இடத்தில் போட்டார் என்பதுதான் அரசுத் தரப்பு வாதம். கோப்பில் பார்த்தால் "சோதனை நடந்தது" என்றிருக்கும்.

#5 பவானிக்காரன்

இந்த வழக்கோட கடைசி அப்பீல் 2013 மார்ச் 21ல சுப்ரீம் கோர்ட்ல முடிஞ்சுதுங்க. பெஞ்சுல ரெண்டு பேரு, அதுல ஒருத்தர் நீதிபதி சதாசிவம். எங்கூரு பக்கம், பவானிக்குப் பக்கத்துல கடப்பநல்லூர்க்காரருங்க. போலீசு, கஸ்டம்ஸ், கடலோரக் காவல் எல்லாரையும் அந்தத் தீர்ப்புல நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கியிருப்பாருங்க. யாகூப் மேமன், சஞ்சய் தத்து மட்டுந்தான் டிவில ஓடுச்சு. இந்தப் பகுதிய ஒருத்தரும் கண்டுக்கல.

#6 திண்ணைக்காரன்

ராக்கெட் ராஜா, "லட்சம் தடவையில் ஒரு தடவை" என்று நீங்கள் சொன்னதையே எடுத்துக்கொள்கிறேன். 2004 ஆகஸ்ட் 24, மாஸ்கோ டொமொடெடோவோ விமான நிலையம். தற்கொலைப் படையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் தெற்கு ரஷ்யாவின் மக்காச்கலாவிலிருந்து வந்து இறங்குகிறார்கள். போலீஸுக்குச் சந்தேகம் வந்து பாஸ்போர்ட்டை வாங்கி ஒரு போலீஸ் கேப்டனிடம் ஒப்படைக்கிறது. அவர் பையைக்கூடத் திறந்து பார்க்காமல் விட்டுவிடுகிறார். பிறகு அந்தப் பெண்கள் ஒரு டிக்கெட் புரோக்கரைப் பிடிக்கிறார்கள். அதில் ஒருத்தியை நேரம் கடந்த பிறகும் விமானத்தில் ஏற்றிவிட விமான நிறுவன ஊழியர் வாங்கியது ஆயிரம் ரூபிள். அன்றைய நம் கணக்கில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் சொச்சம். ராத்திரி சில நிமிட இடைவெளியில் இரண்டு விமானமும் நடுவானில் வெடித்தன. 90 பேர்.

அந்த ஊழியர் "தாமதமாக வந்த பயணி" என்றுதான் நினைத்திருப்பார். அதற்கு முன் எத்தனை பேரை அப்படி ஏற்றிவிட்டாரோ. எல்லோரும் அத்தை வீட்டுக்கோ கல்யாணத்துக்கோ போகிறவர்களாக இருந்திருப்பார்கள். "இவர்கிட்ட காசு கொடுத்தா நடக்கும்" என்று அந்தப் புரோக்கருக்குத் தெரிந்ததே அந்தச் சாதாரணத் தடவைகளால்தான். ஊழியருக்கும் புரோக்கருக்கும் லஞ்ச வழக்கில் கிடைத்தது ஆளுக்கு ஒன்றரை வருடம்.

#7 ராக்கெட்_ராஜா

சரி, ரஷ்யா கேஸ் எனக்குத் தெரியாது. படிக்கிறேன். ஆனாலும் விமான நிலையம் வேற, மணல் லாரி வேற. அதுல மாத்தமில்ல.

#8 பிரிவென்டிவ்_பெரியவர்

ரொம்ப நாளாக வாசித்துவிட்டுப் போகிறவன். இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை. சுங்கத் துறையில் தடுப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்தக் கரை, எந்த வருடம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது ஒரு ராத்திரி நடக்கிற பேரம் மாதிரித் தெரியும். அப்படி இல்லை தம்பிகளா. ஒரு "லைன்" இருக்கும். கரையில் சரக்கை இறக்கி, ஆள் பிடித்து, வண்டி ஏற்பாடு செய்து கொடுப்பவனை லேண்டிங் ஏஜென்ட் என்போம். அவன் உள்ளூர்க்காரன். கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கொடுப்பவன். இன்று இறங்கப்போகிறது என்று அவன்தான் சொல்லி அனுப்புவான். நாங்கள் ரோந்து ஜீப்பை எதிர்த்திசையில் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். கணக்கு "ஒரு லேண்டிங்குக்கு இவ்வளவு" என்று. என்ன சரக்கு, எத்தனை பெட்டி என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் "என்ன சார், ரேட் ஏத்தப் பாக்குறீங்களா" என்பான்.

ஆனால் கேட்காமலும் தெரியும். வெள்ளிக் கட்டி ஒன்று முப்பது கிலோ இருக்கும். கட்டிகள் நிறைய ஏறிவிட்டால் லாரியின் பின்பக்கப் பட்டை நன்றாகப் படிந்து உட்காரும். ஏற்றுகிற ஆட்கள் ஒரு கட்டிக்கு இரண்டு பேராகக் குனிந்து தூக்குவார்கள். துணிச் சரக்கு, கேமரா, கடிகாரம் என்றால் ஒரே ஆள் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவான். இருட்டில் தூரத்தில் நின்று பார்த்தாலே என்ன இறங்குகிறது என்று பாதி சொல்லிவிடலாம். அட்டைப்பெட்டி, சாக்கு மூட்டை, பக்கத்தில் பீடி பற்றவைக்க வேண்டாம் என்று ஒருவன் அதட்டுகிறான் என்றால், இது வெள்ளி இல்லை என்று புரியாதவன் அந்தப் பிரிவில் வேலை பார்த்திருக்க மாட்டான்.

அதனால் "வெள்ளி என்று நினைத்தோம்" என்பதை நான் முழுசாக நம்புகிறவன் இல்லை. நினைத்துக்கொள்ள விரும்பினார்கள் என்பேன்.

இன்னொன்று. நேர்மையாகப் பிடித்தாலும் பணம் உண்டு. பிடிபட்ட சரக்கின் மதிப்பில் இருபது சதவீதம் வரை தகவல் கொடுத்தவருக்கும் அதிகாரிகளுக்கும் வெகுமதியாகக் கொடுக்க விதி இருக்கிறது. ஆனால் அது வர வருஷக்கணக்கில் ஆகும், கோப்பு நகர வேண்டும், வழக்கு நிற்க வேண்டும். மாமூல் மாதம் பிறந்தால் வந்துவிடும்.

#9 கோர்ட்டுக்குப்_போறவள்

ஐயா, "நினைத்துக்கொள்ள விரும்பினார்கள்" என்றீர்களே, சட்டத்தில் இதன்மேல்தான் பெரிய சண்டையே நடந்தது. கடத்தலுக்கு உடந்தை என்பது ஒன்று. குண்டுவெடிப்புச் சதிக்கு உடந்தை என்பது வேறு. இரண்டாவதற்கு ஆளை உள்ளே போட வேண்டுமென்றால் அவனுக்கு என்ன தெரிந்திருந்தது என்று காட்ட வேண்டும். தாபா தன்மேல் குற்றச்சாட்டு பதிவு செய்ததை எதிர்த்த விவகாரம் 1996லேயே உச்ச நீதிமன்றம் வரை போனது. சதியில் சேர்ந்தான் என்பதற்குத் தெரிந்திருத்தல் அவசியம், சில சமயம் சரக்கின் தன்மையை வைத்தே நோக்கத்தை ஊகிக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு போகிறது. சர்க்கரை விற்றவனையும் வெடிமருந்து விற்றவனையும் ஒரே மாதிரி பார்க்க முடியாதல்லவா.

ஆக "எனக்கு ஆர்டிஎக்ஸ் என்று தெரியாது" என்ற வாதம் கோர்ட்டில் கொஞ்சம் எடைபோடும். சட்டப்படி போடவும் வேண்டும், தெரியாமல் செய்தவனைத் தெரிந்து செய்தவனாக்கக் கூடாது. அதனால்தான் எனக்கு ஜனவரி 9 என்ற தேதி உறுத்துகிறது. மும்பையில் இரண்டாம் சுற்றுக் கலவரம் எரிந்துகொண்டிருந்த வாரம் அது. ரேடியோவைத் திருப்பினால் சாவு எண்ணிக்கை. அந்த வாரத்தில் ராத்திரி கடலிலிருந்து வந்த லாரியை நிறுத்திய காவல் அதிகாரிக்குத் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை என்றால், தெரியாது என்பதற்கும் தெரிந்துகொள்ள மாட்டேன் என்பதற்கும் நடுவில் எங்கே கோடு போடுவது?

#10 பாஸ்ரா_செந்தில்

வணக்கம். நான் ஈராக்ல ஆயில் ஃபீல்டு கேம்ப்ல இருந்தவன். நீங்க பேசுறது மாமூல். நான் பாத்தது அதுக்கு மேல.

கேம்ப்லேர்ந்து டவுனுக்குப் போற வழியில செக்பாயிண்ட். வண்டி வரிசையா நிக்கும். ஒரு சோல்ஜர் கையில துப்பாக்கிப் பிடி மாதிரி ஒண்ணு வச்சிருப்பான். முன்னாடி பழைய ரேடியோ ஏரியல் மாதிரி ஒரு கம்பி நீட்டிட்டு இருக்கும். நம்ம வண்டி பக்கத்துல மெதுவா நடந்துகிட்டே போவான். கம்பி நம்ம பக்கம் திரும்புச்சுன்னா "சென்ட் போட்டிருக்கியா, பல்லு அடைச்சிருக்கியா"ன்னு கேப்பான். ஆமான்னா போன்னுடுவான். எங்க வண்டில எப்பவும் ஒருத்தன் சென்ட் போட்டிருப்பான். தினம் திரும்பும், தினம் விடுவான்.

நம்ம ஊர்ல கிணறு வெட்டறதுக்கு முன்னாடி வேப்பங்குச்சியப் பிடிச்சுகிட்டு நீரோட்டம் பாக்க வருவாங்கல்ல, அச்சு அசல் அதேதான். உள்ள பேட்டரி கிடையாது. சர்க்யூட் கிடையாது. ஏடிஇ 651னு பேரு. தொலைஞ்ச கோல்ஃப் பந்தைக் கண்டுபிடிக்கும்னு இருபது டாலருக்கும் குறைவா வித்த டுபாக்கூர் பொம்மைதான் இதுக்கு மூலம். ஜேம்ஸ் மெக்கார்மிக்னு பிரிட்டிஷ்காரன் ஒருத்தன் அத வெடிகுண்டு கண்டுபிடிக்கிற கருவின்னு ஆக்கி, ஒண்ணு பல்லாயிரம் டாலருக்கு வித்தான். ஈராக் அரசாங்கம் எட்டு கோடி டாலருக்கு மேல கொட்டிருக்கு.

இதுல ஏமாந்தவங்க யாருன்னா தெருவுல நடந்து போற சனம். வாங்கினவங்க ஏமாறல. வெடிகுண்டு ஒழிப்புப் பிரிவோட தலைமை அதிகாரி, மேஜர் ஜெனரல் ஜிஹாத் அல் ஜாபிரி, இதுல லஞ்சம் வாங்கினதா தண்டனை பெற்று உள்ள போனான். 2009 ஆகஸ்டு, அக்டோபர், டிசம்பர்னு பாக்தாத்ல பெரிய பெரிய வண்டிக் குண்டு. அக்டோபர்ல மட்டும் 155 பேர். அந்த வண்டிங்கல்லாம் ஏதாவது ஒரு செக்பாயிண்ட்ல இந்தக் குச்சியத் தாண்டித்தானே வந்திருக்கும்.

2010 ஜனவரில பிபிசி அந்தக் கருவிக்குள்ள போடுற கார்டை கேம்பிரிட்ஜ்ல கொடுத்துப் பிரிச்சுப் பாத்துச்சு. துணிக்கடையில திருட்டுக்கு ஒட்டுற டேக் இருக்கும்ல, அவ்வளவுதான் உள்ள. 2013ல மெக்கார்மிக்குக்கு பத்து வருசம் ஜெயில். அதுக்கப்புறமும் பாக்தாத்ல சோல்ஜருங்க அதையே கையில வச்சிருந்தாங்க! 2016 ஜூலை 3, கர்ராதா கடைவீதி, ரம்ஜான் நோன்பு மாசத்து ராத்திரி, முந்நூறு பேருக்கு மேல போனாங்க. அப்புறம்தான் பிரதமர் அபாதி அதையெல்லாம் திரும்ப வாங்கச் சொன்னார்.

#11 முத்துவேல்

செந்தில் அண்ணே, படிச்சதும் வயித்தக் கலக்குது. கம்பியப் பிடிச்சுகிட்டு நின்ன சோல்ஜருக்கு அது டுபாக்கூர்னு தெரியுமா?

#12 பாஸ்ரா_செந்தில்

சில பேருக்குத் தெரியும்னுதான் நினைக்கிறேன் தம்பி. ஒருத்தன் எங்க டிரைவர்கிட்ட சிரிச்சுகிட்டே "மேலேர்ந்து குடுத்திருக்கான், பிடிச்சிட்டு நிக்கிறேன்"னான். குண்டு வந்தா மொதல்ல சாகறது அவன்தான். அதையும் தெரிஞ்சேதான் நின்னான்.

#13 முத்துவேல்

அதத்தான் நானும் முதல்லேர்ந்து சொல்றேன். கீழ நிக்கிறவன் கையில மேல இருக்கவன் குச்சியக் குடுக்குறான். நம்ம ஊர்ல குச்சிக்குப் பதிலா போஸ்டிங். இந்த ஸ்டேஷனுக்கு இவ்வளவு, அந்த செக்போஸ்ட்டுக்கு இவ்வளவுன்னு குடுத்துட்டு வந்து உக்காந்தவன் போட்டதை எடுக்கத்தான் பாப்பான். திண்ணைக்காரன் அண்ணே கண்ணை வித்தான்னு எழுதுனீங்க. அவன் அந்தக் கண்ணையே காசு குடுத்து வாங்கிட்டு வந்தவன்ணே.

#14 திண்ணைக்காரன்

முத்துவேல், இதை ஒத்துக்கொள்கிறேன், என் முதல் பதிவில் இந்தப் பக்கம் இல்லை. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குத்தான் மருந்து எழுதியது. ஸ்டேஷன் பொறுப்பில் இருப்பவருக்குக் குறைந்தது இரண்டு வருடம் பணிக்காலம், இடமாற்றத்தை முடிவு செய்யத் துறைக்குள்ளேயே ஒரு வாரியம், புகார் கேட்க ஓர் ஆணையம். மாநிலங்கள் அதை எந்த அழகில் நிறைவேற்றின என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பல இடங்களில் சட்டம் போட்டு உத்தரவின் பல்லைப் பிடுங்கினார்கள்.

ஆனால் மேலே இருப்பவன் திருடன் என்பதால் கீழே இருப்பவனுக்கு விடுதலை கிடையாது. கோந்த்கரில் அந்த ராத்திரி மேலதிகாரி யாரும் போன் போட்டு "விடு" என்று சொன்னதாக வழக்கில் இல்லை. பேரம் பேசியது அங்கே நின்றவர்கள்.

#15 அரசமரத்தடி

1993ல பாடம் கத்துக்கிட்டோமா? இல்ல. 2008 மும்பைத் தாக்குதலுக்கும் திரும்பவும் கடல் வழியாத்தானே வந்தான். யார் காசு வாங்கினானோ.

#16 கோர்ட்டுக்குப்_போறவள்

அரசமரத்தடி, அவசரப்படாதீர்கள். 1993க்குப் பிறகு மகாராஷ்டிரா, குஜராத் கரைக்கு "ஆபரேஷன் ஸ்வான்" என்று கூட்டு ரோந்து தொடங்கினார்கள். 2008இல் குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கடத்தி, அதில் வந்து, ரப்பர் படகில் இறங்கினார்கள். அது கண்காணிப்பு ஓட்டை, தகவல் வந்தும் கோட்டை விட்டது, எல்லாம் உண்மை. காசு கைமாறியது என்று அந்த வழக்கில் நிரூபணம் ஆகவில்லை. எல்லாத் தோல்வியையும் லஞ்சம் என்று எழுதினால் உண்மையான லஞ்சம் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும்.

#17 நெறியாளர்

உயிரோடு இருக்கும், வழக்கு முடியாதவர்களைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டாம். காஷ்மீர் டி.எஸ்.பி. தவீந்தர் சிங் பற்றிய இரண்டு பதிவுகளை இதனால்தான் நீக்கினேன். 2020 ஜனவரியில் ஹிஸ்புல் தீவிரவாதிகளோடு ஒரே காரில் பிடிபட்டார், குற்றப்பத்திரிகை தாக்கலானது, பணிநீக்கம் செய்யப்பட்டார். இவ்வளவு எழுதலாம். "இன்னின்னதையும் அவர்தான் செய்தார்" என்று கதை கட்ட வேண்டாம்.

#18 நிலா

எல்லாரும் பெரிய பெரிய குண்டு பத்திப் பேசுறீங்க. நான் சின்ன விஷயம் ஒண்ணு சொல்றேன். ராக்கெட் ராஜா சொல்ற டீக்காசு ரகம்.

போன வருஷம் பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணினேன். வெரிஃபிகேஷனுக்கு போலீஸ்காரர் ஒருத்தர் வந்தார். வீட்டு வாசல்ல பைக்க நிறுத்தி, இன்ஜின்கூட ஆஃப் பண்ணல. மாமியார்தான் கதவத் திறந்தாங்க. "நிலாவா?"ன்னு அவங்களப் பாத்து கேக்குறார். அறுபத்தஞ்சு வயசு அவங்களுக்கு! நான் உள்ளேர்ந்து வர்றதுக்குள்ள ஃபார்ம்ல டிக் போட்டு முடிச்சிட்டார். ஆதார்கூட வாங்கிப் பாக்கல. பக்கத்து வீட்ல விசாரிக்கணும்ல, அதுவும் இல்ல. "செலவுக்கு எதுனா பாத்து குடும்மா"ன்னார். குடுத்தேன். அவர் கண்ணு முழுக்க என் பர்ஸ் மேலதான். என் மூஞ்சியப் பாத்தாரான்னு சத்தியமா தெரியாது.

அன்னிக்கு எரிச்சல் பணம் போச்சேன்னுதான். இந்த இழையப் படிச்சப்புறம்தான் வேற மாதிரித் தோணுது. நான் நானா இல்லாம இருந்திருந்தாலும் அந்த ரிப்போர்ட் அப்படியேதான் போயிருக்கும்.

#19 திண்ணைக்காரன்

நிலா, நீங்கள் சின்ன விஷயம் என்று சொன்னது இந்த இழையின் நடுமையத்தில் போய் விழுகிறது. அபு சலீமைத் தெரியும்தானே. இதே 1993 வழக்கில் ஆயுதம் கொண்டுசேர்த்த குற்றத்துக்கு 2017இல் ஆயுள் தண்டனை பெற்றவன். குண்டுவெடிப்புக்குப் பிறகு நாட்டைவிட்டு ஓடினவன், போலிப் பெயரில் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தான். அந்தப் பாஸ்போர்ட் வாங்கிய இடம் துபாயோ கராச்சியோ இல்லை, ஆந்திராவில் கர்னூல். அவனுக்கும் அவன் தோழி, நடிகை மோனிகா பேடிக்கும் இல்லாத பெயர்களில், இல்லாத குடும்பமாக, கர்னூல் முகவரியில். அந்த முகவரியில் அப்படி ஆட்கள் இருக்கிறார்கள் என்று யாரோ ஒருவர் அறிக்கை எழுதித்தானே ஆக வேண்டும்? ஹைதராபாத் சி.பி.ஐ. நீதிமன்றம் 2006இல் மோனிகா பேடியோடு சேர்த்து உள்ளூர்க் காவல் ஊழியரையும் தபால்காரரையும்கூடத் தண்டித்தது.

பங்குச் சந்தை குண்டு வழக்கின் ஆளைத் தேடி சி.பி.ஐ. உலகம் பூராவும் அலைந்தது. அவனுக்கு அடையாளம் எழுதிக் கொடுத்தது ஒரு வெரிஃபிகேஷன் ஃபார்ம்.

#20 ராக்கெட்_ராஜா

கர்னூல் மேட்டர் இப்பதான் தேடிப் பாத்தேன். சரி, பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனை டீக்காசு லிஸ்ட்லேர்ந்து எடுத்துடறேன். மணல் லாரி இன்னும் லிஸ்ட்லதான் இருக்கு 😄

#21 பிரிவென்டிவ்_பெரியவர்

மணல் லாரிக்கே வருகிறேன் தம்பி. மணல் லாரியை நிறுத்தாமல் கையசைத்து அனுப்பும் செக்போஸ்ட்டில், மணலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பார்கள்? எங்கள் காலத்தில் மீன் லாரி. ஐஸ் உருகி நாற்றமடிக்கிற மீனுக்குள் கையை விட எவனுக்கும் மனசு வராது. அதனால்தான் அதற்குள் வைத்தார்கள்.

என்ன செய்யலாம் என்று யாரும் கேட்கவில்லை, கேட்காமலே சொல்கிறேன். சம்பளம் ஏற்றினார்கள், மாமூலும் ஏறியது. பலித்ததாக நான் கண்டது ஒன்றுதான்: ஒரே இடத்தில் இரண்டு துறை. போலீஸும் சுங்கமும் சேர்ந்து நிற்கும் மறிப்பில் பேரம் பேசுவது கஷ்டம். ஒருவன் வாங்கினால் இன்னொருவன் காட்டிக்கொடுப்பான், நேர்மையால் இல்லை, பங்கு கிடைக்கவில்லை என்று. அந்தப் பொறாமையை நம்பலாம். மறிப்பு எங்கே என்பதைக் கிளம்புகிற ஜீப்பில் ஏறிய பிறகுதான் சொல்ல வேண்டும். காலையிலேயே சொன்னால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் லேண்டிங் ஏஜென்ட்டுக்குத் தெரிந்துவிடும். டிரைவரில் தொடங்கி ஸ்டெனோ வரைக்கும் ஆள் வைத்திருப்பான்.

நேர்மையாக இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். பெரும்பாலும் ஆவணக் காப்பறைக்குப் போனார்கள். ஒரு நல்ல இன்ஸ்பெக்டரைக் கரையிலிருந்து தூக்க நடவடிக்கையெல்லாம் வேண்டாம், "நிர்வாகக் காரணம்" என்று இரண்டு வரி போதும். அவர் இடத்துக்கு வருகிறவர் யார் என்று கரையில் இருப்பவனுக்கு எங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

#22 பவானிக்காரன்

பெரியவருங்க சொல்றதத்தான் வோரா கமிட்டியும் சொல்லுச்சுங்க. 1993 குண்டுவெடிப்புக்கப்புறம் உள்துறைச் செயலர் வோரா தலைமையில போட்டாங்க. குற்றக் கும்பல், அதிகாரிங்க, அரசியல்வாதிங்க மூணும் பின்னிக் கெடக்குதுன்னு அக்டோபர்ல அறிக்கை. ரெண்டு வருசம் பூட்டி வச்சுட்டு 1995லதான் பார்லிமெண்டுல வச்சாங்க, அதுவும் ஒல்லியா. இணைப்பெல்லாம் இன்னைக்கு வரைக்கும் வெளிய வரலீங்க.

#23 நிலா

கோர்ட்டுக்குப் போறவள் அக்கா, ஒரு சந்தேகம். அன்னிக்கு நான் பணம் குடுத்தேன்ல. இப்ப புகார் குடுத்தா நானும் குற்றவாளியா? 2018ல சட்டம் மாறிடுச்சு, குடுக்கிறவங்களுக்கும் தண்டனைன்னு எங்க ஆபீஸ்ல பயமுறுத்துறாங்க.

#24 கோர்ட்டுக்குப்_போறவள்

உண்மைதான் நிலா. ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018இல் திருத்தியபின் கொடுப்பதும் குற்றம், ஏழு வருடம் வரை போகலாம். கட்டாயத்தின் பேரில் கொடுத்திருந்தால் விலக்கு உண்டு, ஆனால் கொடுத்த ஏழு நாளுக்குள் போலீஸிலோ விசாரணை அமைப்பிலோ சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு முடிந்துவிட்டது. இப்போது போனால் முதலில் உங்களையே கேள்வி கேட்பார்கள். எனக்கு இந்த ஏழு நாள் பிடிக்கவே இல்லை. பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை வாயைத் திறக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அடுத்த தடவை புதுப்பிக்கும்போது யாராவது கேட்டால், கொடுக்கும் முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுத்தால் சட்டம் உங்களைத் தொடாது, ரசாயனம் தடவிய நோட்டை அவர்களே தயார் செய்து கொடுப்பார்கள். புகாரில் எழுதும்போது பணத்தை மட்டும் எழுதாதீர்கள். அடையாள அட்டையைப் பார்க்கவில்லை, மாமியாரை நீங்கள் என்று நினைத்தார், பக்கத்து வீட்டில் விசாரிக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். பணத்தை மட்டும் எழுதினால் அது லஞ்ச வழக்கோடு நின்றுவிடும். அந்த வரிகள் இருந்தால், அவர் கையெழுத்திட்ட மற்ற அறிக்கைகளையும் தூசி தட்டி எடுக்கும்படி கேட்க வழி உண்டு.